தீக்குச்சிக்கு நடை பழக்கிய பால்கே

என்ன குட்டீஸ், கோவில்பட்டிப் பக்கம் போயிருக்கிறீர்களா? அந்த ஊரிலேயே இருப்பவர்கள் சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தை மற்ற ஊர்க் குழந்தைகளும் படிக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்காகக் கேட்டேன்.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை விழுந்தால் செருப்பில் அப்பிக்கொண்டு, நடக்க நடக்க நம்மை உயரமாக்கிவிடும். கம்பு, சோளம், உளுந்து, பருத்தி என்று மழையை நம்பி விதைக்கிற பூமி. மழை குறைவாகப் பெய்வது விவசாயிக்குக் கஷ்டம். ஆனால் அந்த வறண்ட காற்று வேறொரு தொழிலுக்குக் கை கொடுத்தது. அதுதான் தீப்பெட்டித் தொழில். குச்சியும் மருந்தும் ஈரம் படாமல் காய வேண்டுமே! ஊரில் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆபீஸில் குவிந்து கிடக்கும் குச்சிகளில் ஒன்று, திடீரென்று தானாக எழுந்து நின்று, இன்னொரு குச்சியைப் பார்த்துக் குனிந்து வணக்கம் போட்டால் எப்படி இருக்கும்?

1915-ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஒருவர் தீக்குச்சிகளை அப்படித் தானாக ஆட வைத்துப் படம் எடுத்தார். நூலும் கட்டவில்லை, காந்தமும் வைக்கவில்லை. இன்றைக்கு இருப்பது போன்ற கம்ப்யூட்டரும் அப்போது கிடையாது. அவர் யார் என்று ஊகித்திருப்பீர்களே? சிவாஜி கணேசனுக்கும், இயக்குநர் பாலசந்தருக்கும், ரஜினிகாந்துக்கும் கிடைத்த பெரிய விருது ஒன்று யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான். தாதாசாகேப் பால்கே.

விருதின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த மனிதரின் கதை அவ்வளவாகத் தெரியாது. வாருங்கள், பார்க்கலாம்.

கேல்பா என்ற மந்திரவாதி

கோதாவரி ஆறு பிறக்கும் இடம் திரியம்பக். மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி பிறந்தார் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. தாதாசாகேப் என்பது பிற்காலத்தில் மரியாதையாக ஒட்டிக்கொண்ட பெயர். அப்பா சமஸ்கிருதப் பண்டிதர். பிள்ளையும் தன்னைப் போலவே சாஸ்திரம் படித்துப் புரோகிதம் பார்ப்பான் என்றுதான் வீட்டில் நினைத்திருப்பார்கள். பையனுக்கோ படம் வரைவதில் ஆசை. 1885-இல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடாவில் கலாபவன் என்ற இடத்துக்குப் போனார். அங்கே ஓவியம், களிமண் உருவங்கள் செய்வது, கட்டடக் கலை, போட்டோ எடுப்பது என்று கிடைத்ததை எல்லாம் கற்றுக்கொண்டார்.

ஒரே வேலையில் உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை இவர். கோத்ரா என்ற ஊரில் போட்டோ ஸ்டூடியோ வைத்தார். அப்போதுதான் பிளேக் நோய் பரவியது. எலிகளின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி மூலம் மனிதருக்கு வந்து, ஊர் ஊராக ஆட்களை அள்ளிக்கொண்டு போன நோய் அது. பால்கேயின் மனைவியும் குழந்தையும் அந்த நோயில் இறந்துபோனார்கள். அவர் ஸ்டூடியோவை மூடிவிட்டு பரோடாவுக்கே திரும்பினார்.

கொஞ்ச நாள் நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதினார். நாடக மேடையில் பின்னால் தொங்கும் பெரிய சீலையில் அரண்மனை, காடு, தெரு என்று வரைவார்களே, அது. (கோவில்பட்டிக்காரர்களுக்கு இங்கே ஒருவர் நினைவுக்கு வர வேண்டும். சாமி படக் காலண்டர்களால் நாடெங்கும் தெரிந்த ஓவியர் கொண்டையராஜுவும் நாடகத் திரை எழுதியவர்தான். நாடகக் கம்பெனியோடு வந்தவர், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்.) ஒரு ஜெர்மன் மந்திரவாதியிடம் பால்கே மாயாஜாலமும் பழகினார். மேடையில் தன் பெயரைத் திருப்பிப் போட்டு, புரொபசர் கேல்பா என்று வைத்துக்கொண்டார். பால்கே, கேல்பா. பின்னாலிருந்து எழுத்துக் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

இந்த மந்திரவாதி வேலையை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். இருக்கிற பொருளை மறைப்பது, இல்லாத பொருளை வரவழைப்பது, பார்க்கிறவர் கண் எங்கே போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது எல்லாம் பின்னால் அவருக்குப் படம் எடுக்கும்போது உதவின.

1902-இல் மறுபடி திருமணம் நடந்தது. மனைவி பெயர் சரஸ்வதிபாய். இந்தப் பெயரை மறக்காதீர்கள். இந்தக் கதையில் பாதி இந்த அம்மாவுடையது.

பிறகு தொல்பொருள் துறையில் வரைவாளர் வேலை. அது வெள்ளைக்காரர் நடத்திய அரசாங்கம். சுதேசி இயக்கம் வலுத்தபோது வேலையை விட்டுவிட்டார். ராஜா ரவிவர்மா வரைந்த லட்சுமி, சரஸ்வதி படங்களை அச்சடித்து விற்றார்களே, அந்த அச்சகத்துக்காக வேலை பார்த்தார். பிறகு சொந்தமாகவே ஓர் அச்சகம் தொடங்கினார். 1909-இல் ஜெர்மனிக்குப் போய் வண்ண அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். கூட்டாளிகளோடு ஒத்துப்போகவில்லை. அச்சகத்தையும் விட்டு வெளியே வந்தார். வயது நாற்பது. கையில் வேலை இல்லை. வீட்டில் குழந்தைகள்.

கூடாரத்தில் பார்த்த படம்

அந்த நேரத்தில்தான் பம்பாயில் ஏசுநாதரின் வாழ்க்கையைப் பற்றிய ஊமைப் படம் ஒன்றைப் பார்த்தார். திரையில் ஏசு நடந்துகொண்டிருக்க, இவர் மனத்திலோ ராமரும் கிருஷ்ணரும் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் கதைகளை நம் ஆட்களை வைத்து இப்படி எடுக்க முடியாதா என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் சரஸ்வதிபாயையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

அப்புறம் அதே வெறிதான். தினமும் படம் பார்த்தார். படக்கருவி, பிலிம், புத்தகம் என்று கிடைத்ததை எல்லாம் வாங்கிச் சோதனை செய்தார். சாப்பாடு, தூக்கம் இரண்டும் குறைந்தன. கடைசியில் கண் கெட்டது. பார்வையே போய்விடும் நிலை. நல்ல வேளையாக ஒரு கண் மருத்துவர் சிகிச்சை செய்து பார்வையைக் காப்பாற்றினார். பார்வை திரும்பியதும் என்ன செய்தார் தெரியுமா? மறுபடி அதே வேலையில் இறங்கினார்!

உறவினர்களும் நண்பர்களும் இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போய்க்கொண்டிருந்தால் யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்?

இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்துப் பணம் புரட்டி, 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே யாரையும் தெரியாது. பயாஸ்கோப் என்ற சினிமாப் பத்திரிகையின் ஆசிரியரை நேரே போய்ப் பார்த்தார். அவர் மூலம் செசில் ஹெப்வொர்த் என்ற படத் தயாரிப்பாளரின் ஸ்டூடியோவில் சில நாள் கூடவே இருந்து வேலையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். வில்லியம்சன் கேமரா ஒன்றை வாங்கினார். பிலிமின் ஓரத்தில் ஓட்டை போடும் கருவிக்கும் சொல்லி வைத்தார். ஏப்ரல் தொடக்கத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

கேமரா வந்துவிட்டது. படம் எடுக்கப் பணம்? பணம் உள்ளவர்களிடம் போய், நான் சினிமா எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அப்போதுதான் ஒரு தொட்டியில் பட்டாணியை விதைத்தார்.

பட்டாணி நடித்த படம்

பள்ளிக்கூடத்தில் ஈரப் பஞ்சில் பாசிப்பயறு முளைக்க வைத்திருப்பீர்கள். காலையில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சாயங்காலம் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும். மறுநாள் பார்த்தால் வெள்ளையாக ஒரு வால் எட்டிப் பார்க்கும். அது எப்போது வந்தது? நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அது வளர்வதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவ்வளவு மெதுவான வேலை.

பால்கே பட்டாணித் தொட்டிக்கு எதிரே கேமராவை அசையாமல் நிறுத்தினார். ஒரு மாதத்துக்கு மேல் அந்தச் செடியை விட்டு விட்டு, ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் சேர்த்துத் திரையில் ஓட்டினால், ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் விதை பிளந்து, முளை வெளியே வந்து, இலை விரிந்து, கொடியாகி ஏறிவிடுகிறது!

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போடலாம். சிலர் எழுதும்போது, பால்கே ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம்தான் எடுத்தார் என்று எழுதிவிடுகிறார்கள். ஊமைப் படக் காலத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 16 படங்கள் ஓடும். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு 30 படம். அது இரண்டே விநாடியில் ஓடி முடிந்துவிடும். கண் சிமிட்டினால் செடி போச்சு! ஒரு நிமிடம் ஓட வேண்டுமானால் 16-ஐ 60-ஆல் பெருக்குங்கள். 960 படங்கள். அதை 30 நாளுக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு 32. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேமராவின் கைப்பிடியைத் தொட வேண்டியிருந்திருக்கும். ஒரு நாள் இல்லை, ஒரு மாதம். வீட்டில் யாராவது தெரியாமல் தொட்டியை நகர்த்தியிருந்தால் எல்லாம் வீண்.

இந்தப் படத்தைச் சில பேருக்குப் போட்டுக் காட்டினார். ஒரு செடி தங்கள் கண் முன்னால் குதித்து வளர்ந்ததைப் பார்த்ததும், இவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். கடன் கிடைத்தது. இந்தியாவின் முதல் முழு நீளக் கதைப்படத்துக்கு ஜாமீன் நின்றது ஒரு பட்டாணிக் கொடி என்று சொன்னால் தப்பில்லை.

கிடைத்த கடன் போதவில்லை. சரஸ்வதிபாய் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்.

1912-இல் தாதரில் இருந்த வீட்டிலேயே ராஜா ஹரிச்சந்திரா படத்தின் வேலை தொடங்கியது. பெண்கள் யாரும் நடிக்க முன்வரவில்லை. கடைசியில் ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்த அண்ணா சாளுங்கே என்ற ஒல்லியான இளைஞரைப் பார்த்தார் பால்கே. மாதம் 10 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 15 ரூபாய் தருவதாகச் சொல்லி அழைத்து வந்தார். அவர்தான் ராணி தாராமதி! பெண் வேடம் போட வந்த ஆண்கள் மீசையை எடுக்க மறுத்தார்கள். அப்பா இறந்தால்தானே மீசையை எடுப்பார்கள் என்பது அவர்கள் வாதம். ஹரிச்சந்திரனின் மகன் வேடத்துக்குப் பால்கேயின் மகன் பாலச்சந்திராவே வந்தான். சினிமாவில் வேலை என்றால் ஊரார் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால், ஹரிச்சந்திரன் என்பவரின் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதாக வெளியே சொல்லுங்கள் என்று பால்கே ஆட்களுக்குச் சொல்லி வைத்தாராம்.

சரஸ்வதிபாயின் வேலையைக் கேளுங்கள். பகலில் படப்பிடிப்பு ஆட்கள் அத்தனை பேருக்கும் சமையல். வெயிலில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, நடிகர்கள் முகத்தில் வெளிச்சம் திருப்புவது. இரவில் இருட்டறையில் உட்கார்ந்து, பிலிமின் ஓரத்தில் ஓட்டை போடுவது, மருந்துக் கரைசலில் பிலிமைக் கழுவுவது. அப்போது பிலிம் ஓட்டை இல்லாமல்தான் வரும். ஓட்டை சரியாக விழாவிட்டால் படம் இயந்திரத்தில் ஓடாது. இப்போது படம் முடிந்ததும் ஐந்து நிமிடத்துக்குப் பெயர்கள் ஓடுகின்றனவே, அதில் பத்துப் பேர் பெயர் வரவேண்டிய வேலையை இந்த ஒரே அம்மா செய்தார்.

படம் முடிய ஏழு மாதத்துக்கு அருகில் ஆனது. 1913 மே 3-ஆம் தேதி பம்பாய் கிர்காவ் பகுதியில் இருந்த கொரனேஷன் சினிமாவில் பொதுமக்களுக்குத் திரையிட்டார்கள். கூட்டம் வந்தது. புத்தி பிசகியவர் என்று சொன்னவர்கள் எல்லாம் டிக்கெட் வாங்கி வந்து பார்த்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

கையில் காசில்லாத காலத்து விளையாட்டு

அடுத்தடுத்துப் படங்கள் எடுத்தார். 1914-இல் தன் படங்களை எடுத்துக்கொண்டு மறுபடி லண்டன் போனார். அங்கே நல்ல பேர் கிடைத்தது. அங்கேயே தங்கிப் படம் எடுக்கச் சொல்லியும் கேட்டார்கள். மறுத்துவிட்டுத் திரும்பினார். அந்த ஆண்டுதான் முதல் உலகப் போர் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பிலிம் அரிதானது. பணம் கொடுப்பதாகச் சொன்னவர்களும் கையை விரித்தார்கள். சம்பளம் கொடுத்து நடிகர்களை வைத்திருப்பதே கஷ்டம் என்ற நிலை.

சம்பளம் கேட்காத, சாப்பாடு கேட்காத நடிகர்கள் யாராவது இருக்கிறார்களா? இருக்கிறார்கள். தீப்பெட்டிக்குள்!

1915-இல் அவர் எடுத்த குறும்படத்தின் பெயர் ஆகாட்யாஞ்சி மௌஜ். மராத்தியில் தீக்குச்சிகளின் கும்மாளம் என்று பொருள். மேஜை மேல் குச்சியை வைத்து ஒரு படம். குச்சியைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம். மறுபடி கொஞ்சம் நகர்த்தி இன்னொன்று. படம் எடுக்கும் நேரத்தில் கை கேமராவுக்கு முன்னால் இருக்காது. அதனால் ஓட்டிப் பார்க்கும்போது குச்சி மட்டும் தானாக நகர்வது போலத் தெரியும். படங்கள் வேகமாக மாறும்போது நம் மூளை அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, அசைவாகவே பார்க்கிறது. இந்த வித்தைக்குப் பெயர் ஸ்டாப் மோஷன்.

பட்டாணிப் படமும் இதற்கு அண்ணன் முறைதான். ஆனால் ஒரு வித்தியாசம். பட்டாணி தானாக வளர்ந்தது, பால்கே காத்திருந்தார். தீக்குச்சி எத்தனை நாள் காத்திருந்தாலும் நகராது. ஒவ்வொரு அசைவையும் கையால்தான் கொடுக்க வேண்டும். பத்துக் குச்சிகள் ஒரு நிமிடம் ஆட வேண்டுமானால் 960 தடவை, பத்துக் குச்சியையும் தொட்டு நகர்த்த வேண்டும். 9,600 நகர்த்தல்கள். நடுவில் ஒரு தும்மல் வந்தால்? முதலிலிருந்து!

இந்த வித்தையைப் பால்கே கண்டுபிடிக்கவில்லை. பிரான்சில் எமில் கோல் என்பவர் 1908-இலேயே தீக்குச்சிகளை வைத்து இப்படிப் படம் எடுத்துவிட்டார். ரஷ்யாவில் ஸ்டாரெவிச் என்பவர் 1910 வாக்கில் செய்தது இன்னும் வேடிக்கை. கொம்பு வண்டுகள் சண்டை போடுவதைப் படம் எடுக்க ஆசைப்பட்டார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் அசையாமல் படுத்துக்கொண்டன. மனிதர் விடவில்லை. செத்த வண்டுகளை எடுத்து, கால்களைக் கம்பியால் இணைத்து, துளித் துளியாக நகர்த்திச் சண்டையே போட வைத்துவிட்டார். படத்தைப் பார்த்த சிலர், வண்டுகளைப் பழக்கி நடிக்க வைத்திருக்கிறார் என்று நம்பினார்களாம்.

இன்னொரு விஷயம். பால்கே தீக்குச்சிப் படம் எடுத்தபோது கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்கூடக் கிடையாது! அந்தக் காலத்தில் இந்தியாவில் விற்ற தீப்பெட்டிகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த பிறகுதான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று இந்த வறண்ட பூமி முழுக்கத் தொழில் பரவியது. ஆகவே அவருடைய நடிகர்கள் அநேகமாக வெளிநாட்டுக் குச்சிகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

குரங்குப் படையும் குட்டி கிருஷ்ணரும்

1917-இல் வந்த லங்கா தகனம் பெரும் வெற்றி. அதில் ராமரும் அண்ணா சாளுங்கே, சீதையும் அவரே! அனுமன் பறப்பதையும் இலங்கை எரிவதையும் பார்க்க ஜனங்கள் முண்டியடித்தார்கள். சென்னையில் வசூலான சில்லறைக் காசுகளை மூட்டை கட்டி, போலீஸ் காவலோடு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1919-இல் வந்த காளிய மர்த்தனம் படத்தில் குட்டி கிருஷ்ணராக வந்தது பால்கேயின் சின்னப் பெண் மந்தாகினி. படத் தொடக்கத்தில் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக கிருஷ்ணராக மாறுவதைக் காட்டியிருப்பார். பழைய கேல்பாவின் வேலை!

தன் வித்தையை அவர் மூடி மறைக்கவில்லை. படம் எப்படித் தயாராகிறது என்று காட்டுவதற்கே 1917-இல் ஒரு படம் எடுத்தார். அதில் பால்கேயே பிலிமைக் கையில் பிடித்துப் பார்த்து வெட்டி ஒட்டுகிற காட்சி இன்றும் இருக்கிறது. அவருடைய படங்களைப் பார்த்து உந்தப்பட்டவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. சென்னையில் கார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார். அவர்தான் தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான கீசக வதத்தை எடுத்தார்.

பணம் வந்தது. 1918-இல் கூட்டாளிகளோடு இந்துஸ்தான் சினிமா பிலிம்ஸ் கம்பெனி தொடங்கினார். வரவு செலவு பார்க்கும் கூட்டாளிகளுக்கும், செலவைப் பற்றி யோசிக்காத இவருக்கும் மறுபடி ஒத்துப்போகவில்லை. கோபித்துக்கொண்டு காசிக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளில் அதே கம்பெனிக்கே திரும்பி வந்து படங்கள் எடுத்தார். ஆனால் பழைய பால்கேயின் வேகம் அந்தப் படங்களில் இல்லை என்பார்கள்.

அப்புறம் 1931 வந்தது. படங்கள் பேச ஆரம்பித்தன. ஜனங்களுக்குப் பாட்டும் வசனமும் வேண்டும். ஊமைப் படமாகவே இவர் எடுத்து முடித்திருந்த சேது பந்தனம் படத்துக்குப் பிறகு குரல் சேர்த்தார்கள். 1937-இல் கோலாப்பூரில் கங்காவதரணம் எடுத்தார். அவர் பேசும் படமாகவே எடுத்தது அது ஒன்றுதான். அதுதான் கடைசிப் படமும். அப்போது வயது 67.

அதன் பிறகு நாசிக்கில் அவர் இருந்த இருப்பைப் பற்றி எழுதக் கஷ்டமாக இருக்கிறது. வீடு நிறையப் பணம் பார்த்தவர், எதையும் சேர்த்து வைக்கவில்லை. நினைவு மங்கியது. அவர் தொடங்கி வைத்த தொழிலில் மற்றவர்கள் கார்களில் போய்க்கொண்டிருந்தார்கள். 1944 பிப்ரவரி 16-ஆம் தேதி இறந்தார். அவர் பெயரில் விருது ஏற்பட்டது 1969-இல், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

தீக்குச்சிப் படம் என்ன ஆயிற்று? காணாமல் போய்விட்டது. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், சரியாகப் பாதுகாக்காவிட்டால் மக்கிப் பொடியாகும். ராஜா ஹரிச்சந்திராவிலேயே ஒரு பகுதிதான் புனேயில் உள்ள தேசிய திரைப்படக் காப்பகத்தில் மிஞ்சியிருக்கிறது. தீக்குச்சிகள் என்னென்ன கும்மாளம் போட்டன என்று இன்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

நீங்கள் வேண்டுமானால் புதிதாக ஒன்று எடுக்கலாம். விடுமுறை நாளில் அப்பா அல்லது அம்மாவின் செல்போனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து முக்காத வெள்ளைக் குச்சி பத்து போதும். கோவில்பட்டிப் பக்கம் அது சுலபமாகக் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் பெரியவர்களிடம் சொல்லி மருந்துத் தலையை வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். மருந்துள்ள குச்சியோடு விளையாட்டு வேண்டாம். இரண்டு செங்கல்லுக்கு நடுவில் போனை அசையாமல் நிறுத்துங்கள். கரும்பலகையோ கறுப்புத் துணியோ விரித்தால் வெள்ளைக் குச்சி பளிச்சென்று தெரியும். ஜன்னல் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படம் எடுத்துவிட்டுக் குச்சியை ஒரு நெல்மணி அகலம் மட்டும் நகர்த்துங்கள். கை முழுக்க வெளியே வந்த பிறகுதான் அடுத்த படம். விநாடிக்கு 12 படம் என்று வைத்தால் பத்து விநாடிக்கு 120 படம் ஆகும். படங்களை வரிசையாக ஓட்டுவதற்குப் போனிலேயே செயலிகள் இருக்கின்றன.

முதல் முயற்சியில் குச்சி நடக்காது, தவளை மாதிரி தாவும். தூரம் அதிகமாக நகர்த்திவிட்டீர்கள் என்று அர்த்தம். நெல்மணிக்குப் பதில் கம்புமணி அகலம் நகர்த்திப் பாருங்கள்.